வலப்பக்க ஜன்னலுக்கு ஒரு முகம்

கன்னியப்பனின் புது வீட்டு முகப்பைப் பார்த்தவர்கள் எல்லாரும் பூதத்தைத்தான் பாராட்டினார்கள்.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில் பஸ் கொஞ்சம் மெதுவாகத் திரும்புகிற இடம் அது. பஸ் திரும்பும்போது ஜன்னலோரத் தலைகளும் சேர்ந்து திரும்பும். நடுவில் வாசல். வாசலுக்கு இரண்டு பக்கமும், தராசில் நிறுத்து வைத்ததுபோல, ஒரே உயரத்தில் ஒரே அகலத்தில் வளைவு வைத்த ஜன்னல்கள். இடப்பக்க வளைவின் உச்சியில் சுதையில் செய்த ஒரு பெண்முகம். வாய் நிறையச் சிரிப்பு. மேல்வரிசையில் ஒரே ஒரு பல் மட்டும் வரிசையில் நிற்கப் பொறுமையில்லாமல் முன்னால் வந்து எட்டிப் பார்த்தது.

"அண்ணே, பூதம் சூப்பரா வந்துகீது," என்றார் எதிரே இரும்புக்கடை வைத்திருக்கும் ரியாசுதீன். கம்பியும் சிமென்டும் கொடுத்தவர் என்பதால் அந்த வீட்டின்மேல் அவருக்குப் பாதி உரிமை இருந்தது. "நம்ம ஊர்ல திருஷ்டிக்கு இன்னா வெப்பாங்க? பூசணிக்கா. இல்லன்னா மீசை வெச்ச ஒரு மூஞ்சி. பொம்பள பூதம் இப்பதான் பாக்கறேன். அந்தப் பல்லு இருக்குது பாரு, அதான் மேட்டரே. எந்தக் கண்ணும் கிட்ட வராது."

'பூதம் இல்ல பாய்' என்று சொல்ல வாயைத் திறந்த கன்னியப்பன், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். பூதம் இல்லையென்றால் யார் என்று கேட்பார். என் பொண்டாட்டி என்று சொல்ல வேண்டியிருக்கும். இரும்புக்கடை வாசலில் சொல்லக்கூடிய பதிலா அது? அதுவுமில்லாமல், பொண்டாட்டிக்கே இன்னும் தெரியாது.

வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். முகப்பு வேலை முடிகிறவரை அந்தப் பக்கமே வரக்கூடாது என்று பவுனம்மாளிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தார். பார்த்ததும் அசந்து போவாள் என்பது அவர் போட்டு வைத்திருந்த கணக்கு. வாழ்க்கை முழுக்க சமையல்காரராக இருந்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு. மூடி போட்டு மேசைக்குக் கொண்டுவந்து, திறந்து காட்டினால்தான் திருப்தி.

சமைத்தது பிரான்சில், போர்தோ என்ற ஊரில். பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் நடத்திய ஓட்டலில் இளமையெல்லாம் கழித்துவிட்டு, போன வருஷம்தான் ஊருக்குத் திரும்பியிருந்தார். அங்கே அவர் தினமும் டிராம் ஏறிய நிறுத்தத்துக்கு எதிரே ஆற்றைப் பார்த்து ஒரு பெரிய கட்டடம் உண்டு. பூர்ஸ் என்று பெயர். பூர்ஸ் என்றால் வியாபாரிகள் கூடி விலை பேசுகிற இடம். நம்ம ஊர் நெல் கமிட்டி மாதிரிதான், ஆனால் அரண்மனை வேஷத்தில். கப்ரியேல் என்ற கட்டடக்கலைஞர் ஆரம்பித்து வைக்க, அவர் மகன் இன்னொரு கப்ரியேல் கட்டி முடித்தாராம். அப்பன் வைத்த கடையை மகன் விற்காமல் நடத்துவதே பெரிய சங்கதி. அங்கே மகன், அப்பன் போட்ட கோட்டிலிருந்து விலகாமல் முடித்தும் கொடுத்திருக்கிறான். வழிகாட்டிகள் வெள்ளைக்காரக் கூட்டத்தை நிறுத்தி வைத்துக் கத்துவதைக் கேட்டுக் கேட்டே கன்னியப்பனுக்கு இதெல்லாம் மனப்பாடம். பிரெஞ்சுக்காரன் செஞ்சிக் கோட்டையைப் பிடித்து உட்கார்ந்திருந்த அதே காலத்தில்தான் அவன் ஊரில் அந்தக் கட்டட வேலை நடந்திருக்கிறது என்பது மட்டும் இவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

"நம்ம கோட்டைத் தூணை அவன் பாண்டிச்சேரி பீச்சுக்குத் தூக்கினு போனான். அவன் ஜன்னலை நான் செஞ்சிக்குத் தூக்கினு வந்துட்டேன். சரியாப் போச்சு," என்பார்.

அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் ஒரு கல்முகம். தாடி வைத்த கடல் சாமி, திராட்சைக் கொடியைத் தலையில் சுற்றிய குடிகாரன், முறைக்கிறவன், முழிக்கிறவன். அந்த ஆற்றங்கரை வரிசை முழுக்க, பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான். ஒரு வீட்டின் ஜன்னல்மேல் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். மழையும் புகையும் தின்று மேலுதடு கரைந்துபோய் ஒரு பல் வெளியே வந்திருந்தது. முதல் முறை பார்த்தபோது கன்னியப்பன் டிராமைத் தவற விட்டார். பவுனு இங்க எப்படி வந்தாள்?

பவுனம்மாளின் பல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. பெண் பார்க்க வந்தபோது கன்னியப்பனின் பெரியப்பா, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்த்துப் பழகிய மனுஷன், "பொண்ணுக்குப் பல்லு கொஞ்சம் எட்டிப் பாக்குது. அதுக்கு ஒரு பவுன் சேத்துப் போட்டுடுங்க," என்று பேரம் பேசினார். பேரம் படிந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற பெண் அதைக் கேட்டாள். அன்றைக்கு வாயை மறைத்த முந்தானை அப்புறம் எந்தச் சிரிப்புக்கும் இறங்கவில்லை. வீடியோ காலில்கூட, சிரிப்பு வந்தால் கன்னியப்பனுக்குத் தெரிவது ஒரு கையும் நாலு வளையலும்தான்.

ஆனால் மகள் தமிழினியின் கல்யாண வீடியோவில், மாப்பிள்ளையின் தலைப்பாகை மாலையோடு சேர்ந்து கழன்று வந்த ஒரு கணத்தில், பவுனம்மாள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். கோபுர பொம்மை செய்கிற ஸ்தபதி இராமச்சந்திரனிடம் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டித்தான் முகத்தைச் செய்ய வைத்தார் கன்னியப்பன்.

"வலப்பக்கம் மொட்டையா நிக்குதே, அங்க இன்னா வெக்கறது?" என்று ஸ்தபதி கேட்டுக்கொண்டே இருந்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும், அதான் அந்த ஊரு கட்டடத்துக்கே அழகுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"பாத்துக்கலாம் ஸ்தபதி. மொதல்ல அவ பாக்கட்டும்."

அவள் பார்த்தது புதன்கிழமை. சத்தியம் ஞாபகம் இருந்தது. ஆனால் கடைத்தெருவில் வாங்கிய குத்துவிளக்கைப் பழைய வீட்டில் வைத்து மறுபடி சுமப்பானேன் என்று தோன்ற, சத்தியத்தை ஆட்டோக்காரனிடம் விட்டுவிட்டு இறங்கினாள். ஆட்டோ போய்விட்டது.

"வாங்க அண்ணி!" ரியாசுதீன் கடையிலிருந்தே குரல் கொடுத்தார். "உங்க வூட்டு பூதத்தப் பாத்தீங்களா? மேல பாருங்க."

பவுனம்மாள் மேலே பார்த்தாள். முதலில் ஜன்னலைப் பார்த்தாள், அழகாக இருந்தது. அப்புறம் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சாரத்தடியில் நின்ற புருஷனைப் பார்த்தாள். புருஷன் முகம் கல்லாப்பெட்டியைத் திறந்து போட்டதுபோல எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது.

"யாருய்யா அது?"

சாரத்தின் மேலிருந்த ஸ்தபதிதான் முந்திக்கொண்டார். "நீங்கதாம்மா! பல்லு கரெக்டா வந்திருக்குதா பாருங்க. அதுக்குத்தான் ரொம்ப மெனக்கெட்டேன்."

ரியாசுதீன் எதையோ எடுப்பதுபோலக் கடைக்குள் போய்விட்டார்.

பவுனம்மாளின் முந்தானை வாய்க்குப் போனது. "பல்லுக்கு ஒரு பவுன் வாங்கினீங்களே, அது பத்தலியா? இப்ப பஸ்ஸுல போறவன் வரவன் எல்லாம் பாக்கணுமா?" குரல் உயரவில்லை, அதுதான் கன்னியப்பனுக்கு பயமாக இருந்தது. "வெள்ளிக்கெழம பால் காச்ச வேற ஆளப் பாத்துக்கோ. அது இருக்கற வூட்டுல நான் கால் வெக்க மாட்டேன்."

போவதற்கு ஆட்டோ இல்லை. ரோட்டோரம் அடுக்கியிருந்த செங்கல்மேல், வீட்டுக்கு முதுகைக் காட்டி, குத்துவிளக்கை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

சமாதானப் பேச்சு ஆரம்பித்தது. பல்லை உள்ளே தள்ளிவிடலாம் என்றார் சாரத்திலிருந்து இறங்கி வந்த ஸ்தபதி, ஒரு மணி நேர வேலைதான். இல்லையென்றால் பக்கத்துக்கு ஒரு யானை வைத்து கஜலட்சுமி ஆக்கிவிடலாம். திரும்பி வந்த ரியாசுதீன், தன் கடை போர்டு ஒன்று சும்மா கிடக்கிறது, முகத்தின்மேல் மாட்டினால் கடைக்கும் விளம்பரம் என்றார்.

"பல்லை எடுத்துட்டா அது வேற எவளோ," என்றார் கன்னியப்பன்.

செங்கல்மேல் இருந்த முதுகு அசைந்தது. "எடுத்துதான் இருப்பேன். கம்பி போட்டா பல்லு உள்ள போயிடும், போட்டுக்கம்மான்னு தமிழினி எவ்ளோ சொன்னா. நீதான் அங்கிருந்து போன்ல வாணாம்ன."

"ஆமா, வாணாம்னேன்."

"செலவாகுமேன்னு."

"இல்லமே!" அடிபட்டவர்போல நின்றார் கன்னியப்பன். "அப்டியா நெனச்சினு இருந்த இத்தினி நாளா?"

"வேற எப்டி நெனைக்கறது? நீ இன்னா சொன்ன? வாணாம்ன, போனை வெச்சிட்ட."

கன்னியப்பன் தக்காளியில் ஆரம்பித்து வாடகை வரை எதற்கும் பேசி விலை குறைக்கத் தெரிந்த மனுஷன். இந்த ஒரு விஷயத்தில் என்ன சரக்கை எடுத்துக் காட்டுவதென்று தெரியவில்லை. ஸ்தபதியின் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டு சாரத்தில் ஏறினார்.

"இன்னாண்ணே பண்ற?" என்றார் ரியாசுதீன்.

"அவ வந்தாதான் பாய் இது வூடு. வரலன்னா ரோட்டுக்குக் காட்டற வெறும் எலிவேஷன்."

முகத்துக்கு எதிரே போய் நின்று சுத்தியலை ஓங்கினார். முகம் சிரித்தது. ஓங்கிய கை அப்படியே நிற்க, பழக்கதோஷம், "சாப்டியா?" என்று அவர் வாய் முணுமுணுத்தது.

கீழே பவுனம்மாள் திரும்பிவிட்டிருந்தாள். "யாருகிட்டய்யா பேசற?"

"யாருகிட்டயும் இல்ல."

"சாப்டியான்னு கேட்டியே."

கன்னியப்பன் சுத்தியலைக் கீழே இறக்கினார். சொல்வதற்குக் கூச்சமாக இருந்ததால் முகத்தைப் பார்த்தே சொன்னார். "அங்க டிராம் ஸ்டாப்புல இதே மாதிரி ஒண்ணு இருந்திச்சு. கல்லுல. உன்ன மாதிரியே பல்லு. காலைல வேலைக்குப் போறப்ப சாப்டியான்னு கேப்பேன். திரும்பி வரப்பவும் கேப்பேன்."

"கல்லுகிட்ட?"

"கல்லுகிட்டதான்."

"அது இன்னா சொல்லும்?"

"சிரிக்கும். நீ போன்ல சிரிச்சா கைய வெச்சி மூடிக்குவ. அது மூடாது."

திருவண்ணாமலை பஸ் ஒன்று திரும்பியது, ஜன்னல் தலைகளும் திரும்பின. சாரத்தில் சுத்தியலோடு ஒரு வழுக்கைத்தலை, கீழே குத்துவிளக்கோடு ஒரு பொம்பளை. என்ன சண்டையென்று தெரியாமலே பஸ் போய்விட்டது. பவுனம்மாள் எழுந்து வந்து வீட்டுக்கு எதிரே நின்றாள். இந்த முறை முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பல்லை அவளே இப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை. கண்ணாடி முன்னால் நின்றாலும் உதட்டை இழுத்து மூடிக்கொள்கிறவள்.

"எறங்கு," என்றாள்.

"ஒடைக்கல?"

"எறங்குய்யா மொதல்ல. விழுந்து வெக்காத." அப்புறம் விளக்கை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஸ்தபதியிடம் கேட்டாள்: "அந்தப் பக்கம் ஏன் மொட்டையா கெடக்குது?"

"அதான்மா நானும் கேட்டுனே இருக்கேன். ஐயா பதிலே சொல்ல மாட்டேங்கறாரு."

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணுமில்ல?"

"இருக்கணும்மா. அந்த ஊரு ரூல் அது."

"அப்ப என் மூஞ்சி இருக்கணும்னா அங்க இவரு மூஞ்சி வரணும். சம்மதமான்னு கேளு."

இறங்கிக்கொண்டிருந்த கன்னியப்பனுக்கு ஒரு நிமிஷத்தில் முகம் மலர்ந்துவிட்டது. "பாஸ்போர்ட் போட்டோ நல்லா இருக்கும். கோட்டு போட்டது."

"அதெல்லாம் வாணாம்." பவுனம்மாள் இடுப்பிலிருந்த போனை எடுத்து, தேடி, ஸ்தபதியிடம் நீட்டினாள். "இதப் பாத்து செய்யுங்க."

கன்னியப்பன் எட்டிப் பார்த்தார். அவர்தான். போர்தோவில் அவர் தங்கியிருந்த அறை. மஞ்சள் கறை பிடித்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், தலை சுவரில் சாய்ந்து, வாய் குகைபோலத் திறந்து, அதன் ஓரத்தில் எச்சில் வழிய, தூக்கம். ஸ்தபதி விரலால் தள்ளினார். அடுத்ததும் அவர்தான், வேறு சட்டை, அதே வாய். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"இதெல்லாம் எப்பமே எடுத்த?"

"வீடியோ கால்ல பேசினு இருக்கறப்பவே தூங்கிடுவ. இன்னா பண்றது? நான் கட் பண்ண மாட்டேன். நீ கொறட்ட வுடற வரைக்கும் பாத்துனு இருப்பேன்." விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கொறட்ட வந்தா, சரி, மனுஷன் சாப்ட்டிருக்கான்னு தெரியும்."

"அழிச்சிடுமே, மானம் போவுது."

"நீ வேணும்னா அதை ஒடச்சிடு. நான் இதை அழிச்சிடறேன்."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எந்தத் தரப்பும் இறங்கி வரவில்லை. சந்தையில் இப்படி நின்றால் விலை படிந்துவிட்டது என்று அர்த்தம்.

ரியாசுதீனுக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. "அப்ப வூட்டுக்கு ரெண்டு பூதமா அண்ணி?"

பவுனம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கையில் விளக்கு, போனைத் திரும்ப வாங்க நீட்டியிருந்தது இன்னொரு கை. முந்தானையைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. கன்னியப்பன் ஜன்னல்மேல் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை, இந்த முகத்தைத்தான் பார்த்தார்.

ஸ்தபதி போனைக் கொடுக்காமல் அந்தப் படத்தையே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கோபுரத்துக்குச் செய்து பழகிய கை அவருடையது. கண் மூடிய பொம்மை அவர் செய்ததே இல்லை. "வெள்ளிக்கெழமைக்குள்ள முடிச்சிடலாம்மா. ஆனா ஒண்ணு, கண்ணை மட்டும் தொறந்துடட்டுமா? தொறந்தாதான் மொகத்துக்கு உசுரு வரும்."

"வாணாம்," என்றாள் பவுனம்மாள். விளக்கைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். "தூங்கட்டும்."