உறவு சொல்லும் ஜன்னல்

மகள் இருக்கும் நாட்டு விமான நிலையத்தில், எங்கே தங்கப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு, என் வீட்டுக்காரர் வாய் கூசாமல் ஓர் ஓட்டல் பெயரைச் சொன்னார். புறப்படும் முன்பே அறை போட்டு வைத்திருக்கிறார் மனுஷர். நம்மைக் கேட்காமல் மகளைக் கட்டிக்கொண்டவன் வீட்டில் கை நனைப்பதா என்ற ரோஷம். மகளோ நிறைமாதம். போனில் அழுதாள். ரோஷம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை, பெட்டியோடு அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

வந்தும் இவருக்கு மருமகனிடம் நேர்ப்பேச்சு இல்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இவர் என்னிடம், "ஹீட்டரைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு" என்பார். நான் பிரசவம் பார்க்க வந்தேனா, தூது போக வந்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த நாட்டில் வெளிநாட்டு ஆட்களை வீட்டில் வைத்துக்கொண்டால், வீட்டுக்குச் சொந்தக்காரரே பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். நெருங்கிய உறவென்றால்தான் தங்க விடுவார்கள். இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான். வீடு மருமகன் பெயரில். லீவு போட்டுவிட்டு எங்களோடு வரிசையில் நின்றார்.

கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், ஏதோ கேட்டாள். மருமகன் பதில் சொல்லப் போக, கைகாட்டி நிறுத்திவிட்டு இவர் பக்கம் விரலை நீட்டினாள்.

"ஏர்போர்ட்ல ஓட்டல்னு சொன்னவர் இப்ப ஏன் இந்த வீட்டுல இருக்காருன்னு கேக்கறாங்க மாமா." மருமகனுக்கு முகமெல்லாம் வியர்த்தது. "நான் சொன்னா செல்லாதாம். நான் உங்களுக்கு என்ன வேணும்னு நீங்கதான் சொல்லணுமாம்."

இவர் வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தலைகீழாக நின்றாலும் இதை நான் சொல்வதாக இல்லை. ஆனால் இந்தப் பிடிவாதக்காரர் வாயைத் திறக்காவிட்டால், பிறக்கப்போகும் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் விமானம் ஏற வேண்டும்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க மாப்பிள்ளைன்னு சொல்லுங்க." முதல் தடவையாக இவர் மருமகன் முகத்தைப் பார்த்தே சொன்னார். "ஓட்டல்னு சொன்னது என் வீம்பு. தப்பு எம்மேலதான்னும் சொல்லிடுங்க."

மருமகன் ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்த ஊர் பாஷை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. அந்த அம்மாள் முத்திரையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ம், சொல்லுங்க மாப்பிள்ளை," என்று இவர் அவர் முதுகில் கையை வைத்தார்.