நாற்பத்தேழாம் எண் கோட்டு

சலவைக்கடையின் பின்னறையில் இஸ்திரி போடுகிறவர் இருபது வருடமாகத் தனியாகவே சாப்பிட்டார். அங்கே ஒரு முக்காலிதான் இருந்தது. இன்னொன்று தேவைப்படவில்லை.

அக்கா எப்போதாவதுதான் கூப்பிடுவாள்.

"நம்ம பொண்ணுக்குப் பாத்திருக்கற பையனோட அப்பா ஞாயித்துக்கிழமை வர்றார். நீ கம்பெனி மேனேஜர்னு சொல்லி வெச்சிருக்கேன். உளறிக்கொட்டினா அப்புறம் என் வாசப்படி ஏறாதடா."

அவருக்கு இருந்த ஒரே உறவு அந்த வாசற்படிக்கு அப்பால்தான் இருந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் சாம்பல் நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து, "ஸ்டாஃப் யாரும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல," என்று அலுத்துக்கொண்டார். அக்கா கண்ணாலேயே மெச்சினாள். டீ வாங்கக் கை நீட்டியபோது கோட்டின் கை மேலேறியது. உள்பக்கம், ஊக்கில் துணித்துண்டு தொங்கியது: கடைப் பெயர், கீழே நாற்பத்தேழு. துணி வரும்போது எண் குத்துவது அவர் வேலை. திருப்பிக் கொடுக்கும்போது கழற்றுவது முன்கடைக்காரர் வேலை. அதனால் அவருக்கு அது தோன்றவேயில்லை.

பையனின் அப்பா பார்த்துவிட்டார். இவருக்குக் காது சுட்டது.

"கை கழுவணும். குழாயைக் காட்டுங்க சம்பந்தி," என்று வந்தவர் எழுந்தார்.

குழாயடியில் அவரே இவர் கோட்டின் ஊக்கைக் கழற்றித் துண்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வந்ததும், "சொல்லுங்க, அந்த ஸ்டாஃப் விஷயம்," என்றார் அக்கறையாக. கடவுள் சில நேரம் ஓர் ஊக்கைக் கழற்றத்தான் ஆள் அனுப்புகிறார்.

மறுநாள் காலை கடையின் பின்னறையில், எண்ணில்லாத கோட்டை வைத்துக்கொண்டு இவர் பனியனோடு விழித்துக்கொண்டிருந்தபோது, பையனின் அப்பா அந்தத் துணித்துண்டை நீட்டியபடி வந்து நின்றார்.

"கோட்டு மாறிப் போயிடக் கூடாதேன்னு வந்தேன்."

"அது என் கோட்டு இல்லைங்க." சொன்னதும் நெஞ்சு லேசாயிற்று.

"தெரியும். என்னைப் பத்தி என் பையன் என்ன சொன்னான்?"

"ஏதோ போக்குவரத்துல பெரிய அதிகாரின்னு..."

"முப்பது வருஷம் லாரி ஓட்டினேன்."

இருவரும் சிரித்தார்கள். இவர் முக்காலியை நகர்த்தினார். வந்தவர் அதைத் திருப்பித் தள்ளிவிட்டு அழுக்கு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"உங்க அக்காகிட்ட முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். அப்புறம் உங்களுக்குச் சுலபமா இருக்கும். மதியம் சாப்பாடு எங்க?"

"இங்கதான். தனியா."

"என் வீட்டுக்காரி போனதுலேர்ந்து நானும் அப்படித்தான். நாளைக்கு டப்பாவை எடுத்துட்டு வரட்டுமா?"

அன்று மாலை இஸ்திரிக்காரர் சீக்கிரம் கிளம்பினார், இன்னொரு முக்காலி வாங்க.