செஞ்சேரன்புரத்தில் பிறந்தவள்

மோட்டார் சைக்கிளில் வந்த புலனாய்வுக்காரர் இருவரும் சிவில் உடுப்பில் இருந்தார்கள். நாரந்தனை வீட்டில் அப்போது அன்ரனிட்டா தனியாக இருந்தாள். இத்தாலியில் இருக்கும் கணவன் டிலோனிடம் போவதற்காக அவள் பாஸ்போட்டுக்கு விண்ணப்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த விசயமாகத்தான் வந்திருக்கிறோம் என்று மூத்தவர் சொன்னபோது, கதிரைகளை இழுத்துப் போட்டாள்.

அவர் அவளுடைய பிறப்புச் சான்றிதழின் பிரதியை விரித்து, பிறந்த இடத்தின்மேல் விரலை வைத்தார். செஞ்சேரன்புரம். அப்படி ஓர் ஊர் அரசாங்கப் பட்டியலில் இல்லையே, யாருடைய பேர் இது என்று கேட்டார். வன்னியில் இடம்பெயர்ந்த சனம் இருந்த குடியிருப்பு என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது. அடுத்து, தாயின் சகோதரங்களைப் பற்றிக் கேட்டார். ஒரேயொரு மாமா, அருளப்பு, தொண்ணூற்றாறில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர் என்றாள். இளையவர் அதை எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை தாயையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்து அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மீன் காயப்போட்ட இடத்திலிருந்து வந்த தாய் மரியநாயகி நடந்ததைக் கேட்டுக் குசினி வாசலிலேயே இருந்துவிட்டாள்.

"மாமாவின்ரை பேரை ஏன் பிள்ளை சொன்னனீ?"

"கடலில துலைஞ்சவர் எண்டுதானே நீங்கள் சொன்னனீங்கள்?"

மரியநாயகி எழுந்துபோய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அருளப்பு கடலில் தொலையவில்லை. இயக்கத்துக்குப் போனான். அங்கே அவனுக்கு வைத்த பேர்தான் செஞ்சேரன். சண்டையில் செத்த அடுத்த வருடம், அவர்கள் குடியிருந்த முதிரையடி என்ற காட்டுத் துண்டுக்கு இயக்கம் அந்தப் பேரைச் சூட்டியது. ஊர்களுக்கெல்லாம் இறந்த போராளிகளின் பேரை வைத்த காலம் அது. சந்தியில் அந்தப் பேர் எழுதிய போட் நட்டார்கள். அவளைக் கூப்பிட்டு மாலை போடவும் சொன்னார்கள். மறுவருடம் அன்ரனிட்டா பிறந்தபோது, பதிவுகாரர் போட்டில் இருந்ததையே எழுதினார்.

"நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. அப்ப எனக்கு அது பெருமையா இருந்தது" என்றாள்.

சண்டை முடிந்து இராணுவத்தின் முகாமுக்குள் போன நாளில் தம்பியைக் கடலில் தொலைத்ததாகச் சொன்னவள், பிறகு அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுவோம், செத்து முப்பது வருடம் ஆகப்போகிறவரை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்றாள் அன்ரனிட்டா. என்ன செய்வார்கள் என்று தெரியாததுதான் தாய்க்குப் பயம். அடுத்த மூன்று நாளும் றோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்ட போதெல்லாம் மரியநாயகியின் கை செய்த வேலையில் நின்றுபோனது. கடைசியில், மகள் சொன்னதை மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

அலுவலகத்தில் அவர்களை மரியாதையாக இருத்தினார்கள். தேத்தண்ணி வந்தது. பிறகு அன்ரனிட்டாவை வேறு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதை மரியநாயகி எதிர்பார்க்கவில்லை. கதவு சாத்தப்பட்டபின் மகளின் குரல் கேட்கிறதா என்று காதைக் கூர்மையாக்கினாள். மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது.

தம்பி எந்த மாதம் கடலுக்குப் போனான், யாருடைய வள்ளம், கூடப் போனது யார் என்று அதே மூத்தவர் அவசரமில்லாமல் கேட்டார். ஆவணி என்றாள். சொன்னபின், மகள் அங்கே வேறு மாதத்தைச் சொல்லியிருப்பாளோ என்று சாத்திய கதவைப் பார்த்தாள். தனியாகத்தான் போனவன் என்றாள்.

"அப்ப செஞ்சேரன் ஆர் அம்மா?"

"தெரியாது ஐயா. போட்டில கிடந்த பேர்."

"உங்களுக்கு ஒண்டுமில்லாத ஆள்?"

"ஓம். ஒண்டுமில்லாத ஆள்."

அவர் ஒரு கடிதத்தைத் தள்ளினார். அந்தப் பேருடைய எவரையும் தனக்குத் தெரியாது, மகள் பிறந்த இடத்தை முதிரையடி என்று திருத்தித் தரவும் என்று அதில் இருந்தது. மரியநாயகி தன் பேரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, மேலே செருகிக் கையெழுத்து வைத்தாள்.

இருவரும் வெளியே வந்து பஸ் ஏறினார்கள். பாலத்தைத் தாண்டியதும், மாதம் கேட்டார்களா என்று தாய் மெல்லக் கேட்டாள். தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டதாக அன்ரனிட்டா சொன்னாள். மரியநாயகி அவளுடைய கையைப் பிடித்தாள். வீடு வரும்வரை விடவில்லை.

இரண்டு மாதத்தில் பாஸ்போட் வந்தது. ஐப்பசியில் அன்ரனிட்டா இத்தாலிக்குப் போனாள். அவள் போனபிறகும் அந்த இளையவர் ஒருநாள் வந்து, படலைக்கு வெளியே நின்றபடி, மகள் சுகமாகப் போய்ச் சேர்ந்தாளா என்று சிரித்துக்கொண்டே விசாரித்தார்.

கார்த்திகையில், இறந்தவர்களுக்கான பூசையில் வாசிக்கும் பேர்களைப் பங்குக் கோயிலில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மரியநாயகி இரண்டு நாள் யோசித்து, அருளப்பு என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். சுவாமியார் அந்தப் பேரை வாசித்தபோது எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். அவள் திரும்பிப் பின்னால் இருந்த வாங்குகளைப் பார்த்தாள். வாசலருகே அவளுக்குத் தெரியாத ஓர் ஆள் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். யாருடைய வீட்டுக்கோ வந்த விருந்தாளியாக இருக்கலாம். பூசை முடிந்து சனம் கலைந்து, அவனும் போனபிறகுதான் அவள் வாங்கிலிருந்து எழும்பினாள்.