துடைப்ப வண்டி

"இது சைக்கிளே இல்ல, மொபெட். ஒரு ஹாரன் வெச்சு, பின்னாடி ரெண்டு முட்டைக்கோஸ் மூட்டையைக் கட்டினா நேரா சந்தைக்குப் போகலாம்" என்றான் ஃபுல்வியோ.

எழுபது வயதில் ஐம்பத்தைந்து வருஷம் சைக்கிள் மேலேயே கழித்தவன் அவன். அப்படிப்பட்டவன் கையில் மின்சைக்கிளைக் கொடுத்தால் கொஞ்சவா செய்வான்? மகள் பாவ்லாதான் கல்யாண நாளுக்கு இந்தச் சுற்றுலாவைப் பரிசாக வாங்கித் தந்திருந்தாள். இத்தாலியில் ஆல்பா ஊருக்கு வெளியே ஒரு மதுக்கிடங்கின் முற்றத்தில் ஐந்து சைக்கிள்கள் வரிசையாக நின்றன. வழிகாட்டிப் பெண் ஜெம்மாவுக்கு ஒன்று, ஹாலந்திலிருந்து வந்திருந்த தம்பதிக்கு இரண்டு, ஃபுல்வியோவுக்கும் அவன் மனைவி நிவெஸுக்கும் இரண்டு.

"மேல் அம்பை அமுத்தினா மோட்டார் கூடும், கீழ் அம்பை அமுத்தினா குறையும்" என்றாள் ஜெம்மா. "இன்னைக்கு யாருக்கும் வேர்க்கக் கூடாது, அதுதான் சட்டம். முடியலன்னா கையைக் காட்டுங்க. எங்க சித்தப்பா வால்தர் வேன்ல பின்னாடியே வருவார்."

"துடைப்ப வண்டி!" என்று ஃபுல்வியோ சிரித்தான்.

பந்தயங்களில் எல்லோருக்கும் கடைசியாக வரும் வண்டிக்குச் சைக்கிள்காரர்கள் வைத்த பெயர் அது. முடியாமல் இறங்கி நிற்பவர்களை வழியெல்லாம் வாரிக்கொண்டு வரும். ஃபுல்வியோ அதில் ஒருமுறையும் ஏறியதில்லை. ஒரு பந்தயத்தில் காறை எலும்பு முறிந்தும் ஒற்றைக் கையால் ஓட்டி முடித்துவிட்டு, "லேசா சுளுக்கு" என்றவன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம். அவனுக்கு மீசை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"வால்தர், உங்களுக்கு இன்னைக்கு வேலை இருக்காது. தூங்குங்க" என்று வேனைப் பார்த்துக் கத்தினான்.

நிவெஸ் தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டாள். அவளுக்கு இன்று ஒரே ஒரு ஆசைதான். அவனோடு சேர்ந்து போக வேண்டும். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவனோடு சைக்கிளில் போனதில்லை. அவன் காலை ஆறு மணிக்குத் தன் கூட்டத்தோடு கிளம்புவான். ஒரு மணிக்கு மலையடிவார பாரிலிருந்து போன் வரும்: "பாஸ்தாவைப் போடு." அதுவரை அவள் பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காத்திருப்பாள். பாஸ்தாவை முன்னாலேயே போட்டால் குழைந்துவிடும், பின்னால் போட்டால் பசி தாங்க மாட்டான். அந்த ஒரு போனுக்காக அவளுடைய ஞாயிறுகளெல்லாம் கொதித்துக்கொண்டே இருந்தன.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறன்று அந்த போன் வரவில்லை. காஸ்தெல்ரோஸ்ஸோ ஏற்றத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். சமதரையில் மெதுவாக ஓட்டலாம், மலையில் காலை அழுத்தி ஏறவே கூடாது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பினார். அதனால்தான் பாவ்லா மின்சைக்கிள் சுற்றுலாவாகப் பார்த்துப் பதிவு செய்தாள். அப்பா குதிப்பார் என்று அம்மாவும் மகளும் ஒரு வாரம் பயந்தார்கள். அவனோ பாதை வரைபடத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி, போகலாம்" என்றான். தனக்காகத்தான் இறங்கி வந்திருக்கிறான் என்று நிவெஸுக்கு உள்ளம் குளிர்ந்தது.

முதல் ஏற்றத்தில் அவள் மேல் அம்பை மூன்று முறை அமுக்கினாள். முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவதுபோல் சைக்கிள் எழும்பியது. அறுபத்தாறு வயதுக் கால்கள் சும்மா சுற்றின, மலை தானாக இறங்கி வந்தது. டோல்செத்தோ திராட்சையை அறுத்து முடித்துவிட்டிருந்தார்கள். நெபியோலோ ரகம் மட்டும் கருநீலக் கொத்துகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஃபுல்வியோ! ஏறுது பாரு, ஏறுது!"

"போ, போ!" பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் திராட்சையைப் பாத்துக்கிட்டே வர்றேன்."

ஹாலந்துக்காரர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல நிமிர்ந்து, பேசிக்கொண்டே அவளைத் தாண்டினார்கள். உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தபோது ஃபுல்வியோ கீழே கடைசி வளைவில் வந்துகொண்டிருந்தான். அவன் ஏறி வருவதை அவள் பார்த்ததே இல்லை. போனில் குரலாகத்தான் தெரியும். இப்படித் தலையைத் தாழ்த்தி, தோளை அசைக்காமல் வருவான் என்பது இத்தனை வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் தெரிந்தது. கண் நிறையப் பார்த்தாள்.

கிட்டே வந்ததும் முகம் சிவந்திருந்தது.

"என்ன இப்படி வேர்த்திருக்கு?"

"வெயிலு."

"நாடித்துடிப்பு காட்டுற வாட்ச் எங்கே?"

"வார் அரிச்சுது. பையில வெச்சிருக்கேன்" என்று தண்ணீர்ப் புட்டியை வாயில் கவிழ்த்துக்கொண்டான்.

அவள் நம்பினாள். சந்தோஷமாக இருக்கும்போது யார்தான் துருவிப் பார்க்கிறார்கள்?

மதியச் சாப்பாடு இரண்டாவது கிடங்கில். வெண்ணெயும் சேஜ் இலையும் புரட்டிய மெல்லிய பாஸ்தா வந்தது. டாக்டர் கணக்குப்படி அரைக் கோப்பை மது வந்தது. ஃபுல்வியோ வழக்கத்தைவிட அதிகம் பேசினான், ஹாலந்துக்காரர் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தான். நிவெஸ் கன்னத்தில் கைவைத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஜெம்மா உள்ளே வந்தாள். வெளியே ஒவ்வொரு சைக்கிளாக பேட்டரியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"எல்லாருக்கும் ரெண்டு கோடு, மூணு கோடு மிச்சமிருக்கு. சினோர் ஃபுல்வியோ, உங்களுதுல மட்டும் அஞ்சு கோடும் அப்படியே இருக்கே! மோட்டார் வேலை செய்யலையா? பாவம், இத்தனை தூரம் இருபத்தஞ்சு கிலோவை மிதிச்சா வந்தீங்க? சொல்லியிருந்தா வேற சைக்கிள் குடுத்திருப்போமே."

ஃபுல்வியோ ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்குத் தட்டைத் தவிர வேறு எதைப் பார்க்க முடியும்?

நிவெஸ் முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

"எப்ப அணைச்ச?"

"எதை?"

"என்கிட்ட விளையாடாதே. மோட்டாரை எப்ப அணைச்ச?"

"கேட்டைத் தாண்டினதும்."

"ரெண்டு மலை ஃபுல்வியோ. ரெண்டு மலை ஏறியிருக்க."

"ஒண்ணும் ஆகலயே. செத்தா போயிட்டேன்? இதோ நிக்கிறேன், பாரு." அவன் குரல் இறங்கியது. "மோட்டார் தள்ளினா, ஏறினது நானா அதுவான்னு எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு விழுந்ததுலேர்ந்து இந்த உடம்பை யாரோ இரவல் குடுத்த மாதிரி தூக்கிட்டுத் திரியறேன். இது இன்னும் என்னுதுதானான்னு பாக்கணும். சாயங்காலம் காஸ்தெல்ரோஸ்ஸோ வருது. அந்த மூணாவது வளைவைத் தாண்டிட்டேன்னா போதும். பாதியில விட்டது அது."

காஸ்தெல்ரோஸ்ஸோ. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வரைபடத்தைப் பார்த்த ஒரு நிமிஷத்தில் அவன் பார்த்தது அந்தப் பெயரைத்தான். "சரி, போகலாம்" என்றது மனைவிக்காக அல்ல, மலைக்காக. இருந்திருந்து கிடைத்த ஒரு நாளிலும் அவன் தனியாகத்தான் வந்திருக்கிறான். நிவெஸுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"பானை அடிப்பிடிச்சா எப்படி நாறும்னு தெரியுமா உனக்கு?"

"என்ன பானை?"

"அன்னைக்கு வெச்ச பானை. ரெண்டு தடவை தண்ணி வத்தி, ரெண்டு தடவை ஊத்தினேன். மூணாவது தடவை ஆஸ்பத்திரிலேர்ந்து போன். அப்படியே ஓடினேன். அடுப்பை அணைக்கணும்னே தோணல. பக்கத்து வீட்டுக்காரி புகையைப் பாத்துட்டு வந்து அணைச்சா. நீ வீட்டுக்கு வர்றதுக்குள்ள அதே மாதிரி வேற பானை வாங்கி வெச்சேன்."

"சொல்லவே இல்லையே நீ."

"நீ கேக்கவே இல்லையே."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜெம்மா கிளம்ப வேண்டுமென்று கூப்பிட்டாள். "இந்த ஒண்ணு மட்டும், நிவெஸ்" என்று முணுமுணுத்துவிட்டுச் சைக்கிளைப் பார்க்க நடந்தான். நாய் வாலை நிமிர்த்தப் போய் யார் ஜெயித்திருக்கிறார்கள்?

காஸ்தெல்ரோஸ்ஸோ ஏற்றம் நான்கு மணிக்கு வந்தது. மூன்றாவது வளைவில் ஒரு சின்ன மாதா மாடம் உண்டு. அதன் காலடியில்தான் பிப்ரவரியில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். ஜெம்மாவும் ஹாலந்துக்காரர்களும் மேலே போய்விட்டார்கள். ஃபுல்வியோ அவளைத் தாண்டி முன்னால் போனான். அவன் கைப்பிடியில் மோட்டார் அளவைக் காட்டும் சின்னத் திரை இருட்டாக இருந்ததை நிவெஸ் பார்த்தாள். மறுபடியும் அணைத்திருக்கிறான்.

கத்தலாம். கெஞ்சலாம். இரண்டையும் நாற்பத்தொரு வருஷமாகச் செய்து பார்த்தாயிற்று. அவள் தன் திரைக்குப் பக்கத்திலிருந்த பட்டனை அமுக்கி, மோட்டாரை அணைத்தாள்.

சைக்கிள் அந்த நொடியே கருங்கல்லாகிவிட்டது. எழுந்து நின்று மிதித்தாள். தொடை எரிந்தது, மூச்சு ஊளையிட்டது. முன்சக்கரம் இடமும் வலமும் அலைந்து ஓடை விளிம்பைத் தொட்டுத் திரும்பியது. முதல் வளைவைத் தாண்டினாள். எப்படித் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டாவது வளைவில் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அந்த மூச்சுச் சத்தம் கேட்டு அவன் திரும்பிப் பார்த்தான்.

"என்ன பண்ற? மோட்டாரைப் போடு!"

"நீ... போடு... முதல்ல."

"பைத்தியமா உனக்கு? பழக்கமில்லாத உடம்பு, விழுந்துடுவ! நிவெஸ்! பட்டனை அமுத்து!"

"நீ..."

அவளுக்கு மேலே பேச வரவில்லை. மிதித்தாள். அவன் கண்ணுக்கு முன்னால் மாதா மாடம் இருந்தது, இன்னும் இருபது முப்பது மிதி. மாடத்தைப் பார்த்தான். திரும்பி அவளைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. பிப்ரவரியில் தீவிர சிகிச்சை அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நிவெஸ் நினைத்தாள்.

ஃபுல்வியோ ஏற்றத்தின் நடுவில் காலைத் தரையில் ஊன்றினான். சைக்கிளை அப்படியே புல்லில் சாய்த்துவிட்டு இறங்கி வந்து, அவள் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினான். அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"முட்டாள் பொம்பள" என்றான். "உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"தண்ணி கொதிக்க வெச்சுட்டுக் காத்திரு" என்றாள்.

அவன் அவள் தலைக்கவசத்தின் வாரைத் தளர்த்திவிட்டான். பிறகு கீழே, தூரத்தில் மெதுவாக உருண்டு வந்துகொண்டிருந்த வெள்ளை வேனைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

வால்தர் வேனை ஓரமாக நிறுத்தினார். இரண்டு சைக்கிள்களையும் பின்னால் ஏற்றி, கதவைத் திறந்துவிட்டார். வேன் மூன்றாவது வளைவைக் கடந்தபோது ஃபுல்வியோ மாதா மாடத்தைப் பார்க்கவில்லை, நிவெஸின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை சிவந்து கிடந்தது. அதைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டான்.

உச்சியில் ஜெம்மா ஓடிவந்தாள். வேனிலிருந்து இருவரும் இறங்குவதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "என்னாச்சு? சினோரா களைச்சுட்டாங்களா?"

நிவெஸ் ஆமென்று சொல்லத் தயாராகிவிட்டாள். சொல்லிவிட்டால் அவன் மீசை மண் ஒட்டாமல் தப்பிக்கும். நாற்பத்தொரு வருஷத்தில் அவனுக்காக எத்தனையோ பொய் சொன்னவளுக்கு இது ஒரு பெரிய காரியமில்லை.

"அவளுக்கு ஒண்ணுமில்ல" என்றான் ஃபுல்வியோ. ஹாலந்துக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்குத்தான் முடியல. நான்தான் கையைக் காட்டினேன்."

நிவெஸ் திராட்சைத் தோட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து அவள் கேட்டதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

ஆல்பாவுக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் இருந்தது. வால்தர் சைக்கிள்களை இறக்கிக் கொடுத்தார். ஃபுல்வியோ பையிலிருந்து வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டான். சைக்கிளில் ஏறி, அந்தச் சின்னத் திரையை எதிரி வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோலச் சிறிது நேரம் பார்த்தான்.

"இதுல எதை அமுத்தணும்?" என்று கேட்டான்.

"மேல் அம்பு" என்றாள் நிவெஸ். "ரெண்டு தடவை அமுத்து. நானும் ரெண்டுதான் வெச்சிருக்கேன்."