சுண்டுவிரல் பக்கத்து எலும்பு

...கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டுப் பக்கம்தானே போகும், அதுவும் பெரும்பாலும் கட்டைவிரல் பக்கத்து எலும்பு, பதினோரு வருஷமாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா, வழுக்கி விழுந்தேன் என்று வந்தவர்கள் எத்தனை பேர், வயசானவர்கள், ஓடிப் பிடித்து விளையாடின குழந்தைகள், படியில் செருப்பு மடங்கினவர்கள், ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே இடம்... பக்கத்தில் இருக்கிற இந்தச் சிநேகிதிக்கு மட்டும் ஏன் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, அதுவும் நட்ட நடுவில், குச்சியை ஒடித்த மாதிரி குறுக்கே? படகு ஆற்றின் நடுவில் மெல்லத் திரும்பியது, ஒலிபெருக்கியில் ஒரு பெண் இடது பக்கம் பாருங்கள் என்றாள், மேல்தளத்தில் இருந்த அத்தனை கழுத்தும் இடது பக்கம் திரும்பியது, நெட்டையும் திரும்பினாள், ஏதோ ஒரு கோபுரம், யாரோ ஒரு மன்னர் கட்டியதாம்... முகத்தில் அடி விழாமல் இருக்கக் கையைத் தூக்கினால் முதலில் முன்னால் வருவது அந்த எலும்புதான். இல்லை, இல்லை, வாஷ்பேசின் விளிம்பில் இடித்திருக்கலாம், குளியல் தொட்டியின் ஓரத்தில் பட்டிருக்கலாம், அப்படியும் உடையும், உடையாமல் என்ன, நீ படம் எடுக்கிறவள், படத்தைப் படிக்கிறது டாக்டர் வேலை, உன் வேலையைப் பார்.

"ரெண்டு பேரும் இந்தப் பக்கம் பாருங்க. நெட்டை, நீங்க கொஞ்சம் குனியணும், உங்களுக்குப் பின்னாடி கோபுரமே காணாமப் போயிடுச்சு!" என்றார் சரவெடியின் கணவர், கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல். ஹாஸ்டலில் வைத்த பெயர்கள் அவை, ஆறடிக்கு ரெண்டு அங்குலம் குறைவாக வளர்ந்து தொலைத்ததற்கு இவள் நெட்டை, சிரிக்க ஆரம்பித்தால் மூன்று மாடிக்கும் கேட்கும் என்பதால் அவள் சரவெடி, ஒரு தடவை பரீட்சைக்கு முந்தின நாள் வார்டன் கதவைத் தட்டித் திட்டப் போய், அவள் சிரிப்பைப் பார்த்து அந்த அம்மாவும் வாசலிலேயே உட்கார்ந்து சிரித்ததுண்டு. அந்தச் சரவெடி இப்போது கேமராவைப் பார்த்துச் சிரித்தாள், சத்தமில்லாமல், உதட்டை மட்டும் விரித்து. திரி இருக்கிறது, மருந்து நமத்துப்போச்சு... எப்போதிருந்து? நேற்று ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்தாளே, அப்போதேவா? அப்போது ஒரு கையால்தான் கட்டிப்பிடித்தாள், ஏண்டி என்று கேட்டதற்கு, "குளியலறையில வழுக்கிட்டேன்டி, போன வாரம்தான் கட்டுப் பிரிச்சாங்க" என்றாள், என்றதும் அவர், "சொன்னா கேட்டாத்தானே, ஈரத்துல ஓடாதேன்னு தலையில அடிச்சுக்கறேன்" என்று சொல்லி அவள் தோள்பையை வாங்கி மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! தங்கமான மனுஷன், நேற்றிலிருந்து இவள் வாயில் அந்த வார்த்தைதான், அண்ணா அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள், கூப்பிட்டாகிவிட்டது, இனி எப்படித் திரும்ப வாங்குவது?

பையில்தான் அவள் போன் இருக்கிறது, அவள் பர்ஸ் இருக்கிறது, வீட்டுச் சாவி இருக்கிறது, மூன்று பேருடைய படகு டிக்கெட்டும் அவர் சட்டைப்பையில்... கை வலிக்கும் என்றுதானே வாங்கிக்கொண்டார், நல்லதுக்குத்தானே, எல்லாவற்றையும் குதர்க்கமாகப் பார்க்காதே. எட்டு மாசமாச்சு அவர்கள் இந்த நகரத்துக்கு மாற்றலாகி வந்து, நெட்டை வேலை பார்க்கும் சின்ன ஊரிலிருந்து நாலு மணி நேர ரயில்தான், ஆறு வருஷமாக இந்த அந்நிய நாட்டில் தமிழ் பேச ஆளில்லாமல் நாக்கைக் கட்டிப்போட்டுக்கொண்டு கிடக்கிறவளுக்கு, வாய்விட்டுப் பேச ஓர் ஆள் வந்துவிட்டாள் என்று துள்ளிக் குதித்தாள், ஒவ்வொரு தடவை வருகிறேன் என்றபோதும் ஏதோ ஒரு காரணம், வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், அவருக்கு ஜுரம், அப்புறம் பார்க்கலாம்டி... இன்று காலை அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் சமையலறையில் வைத்துப் போனை நீட்டினாள், "இந்தப் படத்தைப் பாரு, நல்லா ஒட்டிக்கிச்சான்னு சொல்லு." நெட்டை பார்த்தாள். பார்த்தது ஒரு நொடி. குளியலறையில் தண்ணீர் நிற்கும் சத்தம் கேட்டது, சரவெடியின் கை தானாகப் போனை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தது. "நல்லா ஒட்டியிருக்குடி" என்றாள் நெட்டை. அவ்வளவுதான் சொன்னாள், அது பொய்யும் இல்லை, எலும்பு நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியாக இருந்தால் வழி இருக்கிறது. அங்கே படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு, சொன்ன காரணமும் காயமும் பொருந்தவில்லை என்றால் அதில் ஒரு டிக் போட்டு ஹெட் நர்ஸ் மேஜையில் வைத்துவிட்டால் போதும், இதற்கென்றே இருக்கிற ஓர் அம்மா வருவாள், கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகப் பேசுவாள், நாலு பேருக்காவது போட்டிருக்கிறாள் நெட்டை, போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவாள். இந்தப் படகில் எந்தக் கட்டத்தில் போடுவது? சரவெடியின் அம்மாவிடம் சொல்லலாமா, அந்த அம்மா என்ன சொல்வாள், கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லும்மா என்பாள். போலீஸ்? வந்து கேட்டால் ஈரத்தரை என்பாள், அவர்கள் போவார்கள், கதவு சாத்திக்கொள்ளும், அப்புறம்? அவர் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள், அவர் இல்லையென்றால் இந்தத் தேசத்தில் அவளுக்கு நிற்க இடம் கிடையாது. என்னோடு வாடி என்று கூட்டிப்போகலாம், நெட்டையின் அறை ஒற்றைக் கட்டில்தான், இருந்தால் என்ன... ஆனால் அவள் வருவாளா? கேட்டால்தானே தெரியும். கேள். இப்போதே கேள்.

படகுத்துறையில் இறங்கியதும் நெட்டை பாத்ரூம் போகணும் என்றாள், நானும் வரேன் என்றாள் சரவெடி, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அஞ்சு நிமிஷம். நாலே முக்கால் ரயில், மறந்துடாதீங்க" என்றார் சிரித்தபடி. உள்ளே ஈரக் காகித வாடை, கை உலர்த்தும் மெஷின் ஒன்று தானாக இரைந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில்.

"ஏண்டி, நிஜமாவே வழுக்கித்தான் விழுந்தியா?"

சரவெடி குழாயைத் திறந்தாள். மூடவில்லை. இடது முழங்கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, தண்ணீரையே பார்த்தபடி, "நீ அடிக்கடி வாடி" என்றாள்.

"நான் கேட்டது..."

"கேக்காம வா. நீ கேட்டேன்னு தெரிஞ்சா உன்னையும் வர விடமாட்டாரு. எனக்கு நீ வரணும்." அப்புறம் தண்ணீரை நிறுத்திவிட்டு, முகத்தை ஒற்றிக்கொண்டு, "அஞ்சு நிமிஷம் ஆயிருக்கும், வா" என்றாள்.

கேட்டால் அவளை இழக்கணும், கேட்காவிட்டால்... கேட்காவிட்டால் மாசம் ஒரு தடவை வந்து கோபுரமும் அருங்காட்சியகமும் பார்த்து, முழுக்கைச் சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் திரும்பணும். "எப்ப வேணா என் ரூமுக்கு வா, சாவி பக்கத்து வீட்ல இருக்கும்" என்று வாசலை எட்டுவதற்குள் முணுமுணுத்தாள் நெட்டை, காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, வெளியே அவர் மூன்று காபியோடு நின்றிருந்தார், நெட்டைக்குச் சர்க்கரை இல்லாமல், நேற்று ஒரே ஒரு தடவை சொன்னதை ஞாபகம் வைத்து.

ரயிலில் ஜன்னலோர இடம். நடைமேடையில் சரவெடி நல்ல கையை ஆட்டினாள். "போய்ச் சேர்ந்ததும் எனக்கு மெசேஜ் போடுங்க, இவ போனையே பாக்க மாட்டா" என்று குரல் கொடுத்தார் அவர். மூன்றாவது நிலையம் தாண்டுவதற்குள் படங்கள் வந்துவிட்டன, நாற்பத்தியிரண்டு படம், எல்லாவற்றிலும் இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பதில் போடணும். ரொம்ப நன்றி அண்ணா என்று அடித்தாள். அவளைப் பார்த்துக்கோங்க என்று சேர்த்தாள்... வேண்டாம், அதென்ன அப்படிச் சொல்றா என்று தோன்றிவிடும், இந்த நேரத்தில் அவர் சோபாவில் சாய்ந்து படிப்பார், புருவம் உயரும், இவகிட்ட என்ன சொன்னே என்று உள்ளே திரும்பிக் கேட்பார், அழித்தாள். கை சீக்கிரம் சரியாகட்டும்... அதுவும் வேண்டாம், கைப் பேச்சே வேண்டாம். உங்க புண்ணியத்துல ஊரைச் சுத்திப் பாத்தாச்சு, அவ கொடுத்துவெச்சவ என்று அடித்து, திரும்பப் படித்து, கொடுத்துவெச்சவ என்பது குத்தலாகத் தெரியுமோ என்று அதையும் எடுத்து, ஒரு சிரிக்கிற முகத்தைப் போட்டாள், ஒன்று போதுமா என்று யோசித்து இன்னொன்று போட்டாள். அனுப்பினாள். படித்துவிட்டார். பதில் வருகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று... அவர் முகம் மாறாமல் இருக்கணுமே என்று நாலு மணி நேரத் தூரத்துக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று, படகில் அந்தக் கோபுர ஜோக்குக்கும் அப்படித்தான் சிரித்தோமோ, சத்தமில்லாமல், உதட்டை மட்டும் விரித்து... எனக்கு ரெண்டே நாளில் பழகிவிட்டதே, அவளுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்?