பொத்தானை அழுத்தினால் ஒன்பது

ஓனோடோவா தீவின் ரேடியோ நிலையத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் காலையில் மீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்ப்பேன். பன்னிரண்டரை வோல்ட். நோட்டில் எழுதிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். மடையன்.

மூன்று வாரமாகச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தலைநகர் தாராவாவிலிருந்து தெகாயின் குரல் வந்தது. கப்பல் வேலை முடிந்து அங்கே வந்து இறங்கியிருந்தான். "மரேதா, இன்னொரு கப்பலுக்குக் கூப்பிடுறாங்க. ரெண்டு வருஷம். நீ வான்னு சொன்னா ஊருக்கு வந்துடுறேன். சொல்லு."

அவன் மனைவி மரேதா மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டு, வா, வா என்று தொண்டை கிழியச் சொன்னாள். அவனோ, "ஒண்ணும் கேக்கலையே, இருக்கியா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தான். நான் மேகத்தின் மேல் பழியைப் போட்டேன்.

நான்காம் செவ்வாய் அவள் விடியும்போதே வந்துவிட்டாள். "அண்ணே, அவரு பேசறது பக்கத்து வீட்டுலேர்ந்து பேசற மாதிரி கேக்குது. என் பேச்சை மட்டும் மேகம் தின்னுடுதா?"

எனக்குச் சுருக்கென்றது. மீட்டரை பேட்டரியில் வைத்தபடியே அவளைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். பன்னிரண்டரை மளமளவென்று இறங்கி ஒன்பதில் நின்றது. கையை எடுத்ததும் ஒன்றும் தெரியாததுபோல் மேலே ஏறிக்கொண்டது. கேட்பதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். பேசுவதற்குத்தான் நிறைய வேண்டும். சும்மா இருக்கும் பேட்டரியை அளந்து அளந்தே அவளுடைய மூன்று வாரத்தைத் தொலைத்திருக்கிறேன்.

நல்ல பேட்டரி எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு முன் என் மச்சான் பவோரோ, ஊர்ச் சபையில் வீடியோ போடவேண்டும் என்று 'புபுசி' சொல்லி வந்து நின்றான். அப்படிக் கேட்டுவிட்டால் 'இல்லை' என்று எங்களில் யாராலும் சொல்ல முடியாது. கொடுத்துவிட்டு அவனுடைய கிழட்டு பேட்டரியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மரேதா நேராக அவன் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"பவோரோ, புபுசி. அந்த பேட்டரி எனக்கு வேணும்."

"இன்னிக்கு சாயங்காலம் படம் இருக்கே தாயி."

"எனக்குப் புருஷன் இல்லையே."

அவனே தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தான்.

பத்து மணிக்குத் தெகாய் கூப்பிட்டான். அவள் பொத்தானை அழுத்தினாள். மீட்டர் பன்னிரண்டுக்குக் கீழே போகவில்லை.

"வா. வந்துடு," என்றாள்.

இந்தத் தடவை அவனுக்குக் கேட்டுவிட்டது. "இவ்வளவு நாளா ஏன் பேசலை? உனக்கு விருப்பம் இல்லேன்னு நெனச்சு நேத்து அந்தக் கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். கப்பல் நிக்கிற ஊருக்கு மத்தியானம் விமானம்."

எனக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம்போல் இருந்தது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூணு வாரமா சொல்லிட்டுத்தான் இருக்கேன்," என்றாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"எதை?"

"வான்னு."

சொன்னாள். அவன் மறுபடியும் கேட்டான். விமானத்துக்கு நேரமாகும்வரை அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.