ஏழரை முதல் ஒன்பது வரை

மூன்று வாரமாக மணிமேகலைக்கும் எதிர்வீட்டுத் தண்டாயுதபாணிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இருந்ததெல்லாம் ஏச்சுத்தான். மாடியில் ஓர் அறை எடுப்பதற்காக அவள் இறக்கிய எம்-சாண்ட் மணல், அவர் பூ வண்டி நிறுத்தும் இடத்தில் குவிந்து கிடந்தது. அவர் மட்டும் சளைத்தவரா? வண்டியைக் கொண்டுவந்து அவள் வாசலை அடைத்து நிறுத்த ஆரம்பித்தார்.

"நாளைக்கு ஒன் வாடகைக்காரனும் ஒரு காரோட வருவான். இந்தச் சந்துல அம்புட்டு வண்டிக்கும் எங்க எடம் இருக்கு?" என்று ஒருநாள் தெருவே கேட்கக் கேட்டார்.

மாடியை வாடகைக்கு விடப்போவதாகச் சொல்லிவைத்தவள் மணிமேகலைதான். அது பச்சைப் பொய். மகள் பானுப்ரியா கைக்குழந்தையோடு புருஷன் வீட்டிலிருந்து ஒரேயடியாக வரப்போகிறாள். கீழே இருப்பது ஒற்றை அறை. மேலே தளம் விழுந்தால்தான் அந்தப் பெண்ணுக்குக் கால் நீட்ட இடம். தெருவின் வாய்க்குப் பயந்து, வாடகை என்று ஒரு கதையைக் கட்டிவிட்டாள்.

கான்கிரீட் போடத் திங்கட்கிழமையைக் குறித்தார்கள். ஆறரையிலிருந்து ஏழரை நல்ல நேரம். கலவை மிஷின் வந்து சேரும்போது மணி ஏழு இருபது. அன்றைக்கு விட்டால் கொத்தனார் ஈஸ்வரனின் ஆட்கள் சாணார்பட்டி வேலைக்குப் போய்விடுவார்கள், ஒரு மாதத்துக்குத் திரும்ப மாட்டார்கள். வாசலிலோ பூ வண்டி. நிலக்கோட்டையில் மல்லிகை ஏற்றி, விடியுமுன் சந்தையில் இறக்கிவிட்டு வந்த தண்டாயுதபாணி ஸ்டியரிங்கிலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

பேசாத மனிதரை எப்படி எழுப்புவது? வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து, கடைசியில் கண்ணாடியைத் தட்டினாள். அவர் கண்ணைத் திறந்து முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழரை ஆயிருச்சும்மா. ராகு காலத்துல நான் சாவி போடமாட்டேன். ஒம்பதுக்கு மேல பாப்போம்."

எடுக்கிறேன் என்று சொல்லவில்லை, பாப்போம் என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஈஸ்வரன், "அண்ணே எடுத்தாலும் நான் மிஷினப் போடமாட்டேன்க்கா. ராகு காலத்துல தளம் ஆரம்பிச்சா வெளங்காது" என்றான். சித்தாள்கள் சட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு மணல்மேலேயே சாய்ந்தார்கள்.

சண்டையைக்கூட ஆரம்பிக்க முடியாத ஒன்றரை மணி நேரம் அது. மணிமேகலை வண்டிப் படியில் உட்கார்ந்தாள். காலிக் கூடைகளில் தங்கிப்போன மல்லிகை வாசம் அவள்மேல் வந்து படிந்தது. வெயில் மெல்லத் தெருவுக்குள் இறங்கியது. தூரத்தில் மலைக்கோட்டை மங்கலாக மிதந்தது. யாரோ குறட்டை விட்டார்கள். அவளுக்கும் கண் சொருகியது. இன்னும் போடாத தளம் தலைக்குமேல் குளிர்ச்சியாக விரிந்திருந்தது. அதில் பதித்த கொக்கியில் தொட்டில் ஆடியது. பானுப்ரியா ஈரத் தலையை விரித்துப்போட்டு, எந்த அவசரமும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தாள். அந்த நடையைப் பார்க்க மணிமேகலைக்கு அழுகை வந்தது.

"ஒன்ன மறிக்கணும்னு நிறுத்தலம்மா."

அவர் அரைத் தூக்கத்தில் பேசுவதுபோல் இருந்தது. "கௌசல்யா இடுப்பு ஒடிஞ்சு படுத்து ஒரு வருசமாச்சு. வண்டி வந்து நின்னதக் கண்ணால பாத்தாத்தான் அவளுக்குக் கஞ்சி எறங்கும். அந்த ஜன்னல்ல தெரியிறது ரெண்டே எடம். ஒண்ணுல ஒன் மணலு. இன்னொண்ணு ஒன் வாசல்."

மணிமேகலை நிமிர்ந்து பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னலில், தலையணையில் சாய்ந்த அவர் மனைவியின் முகம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

எழுந்து போய் மண்வெட்டியை எடுத்தாள்.

"ராகு காலம்க்கா" என்றான் ஈஸ்வரன்.

"இந்த மணல் வந்து மூணு வாரமாச்சு. இது பழைய வேலைப்பா."

அவன் யோசித்துப் பார்த்தான். நியாயமாகத்தான் பட்டது. ஆட்களை எழுப்பிவிட்டான். சட்டி சட்டியாக மணல் அவள் வீட்டுச் சுவரோரம் போய்ச் சேர்ந்தது. மகளைப் பற்றிய உண்மை அவள் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல பேச்சை இந்த நேரத்தில் எடுக்கக் கூடாதென்று விழுங்கிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குத் தண்டாயுதபாணி சாவி போட்டார். கூட்டித் துப்புரவாக்கிய பழைய இடத்தில் பின்னால் எடுத்து நிறுத்தினார். வாசலுக்கு வந்த மிஷின் உருண்டு கடகடக்க, தெருவே அதிர்ந்தது. அவர் அருகில் வந்து கத்தினார். "வாடகைக்கு வாரவன் என்ன வண்டி வச்சிருக்கான்?"

"வாடகைக்கு யாரும் வரலண்ணே."

"என்னது?" காதுக்குக் கையைக் குவித்தார்.

இனி ஒளிக்க இடமில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "எம் மக வருது. பிள்ளையத் தூக்கிட்டு ஒரேயடியா வந்துருது. இனிமே அங்க போகாது."

சட்டி கைமாற்றிய சித்தாள்கள் திரும்பினார்கள். பக்கத்து மாடியில் துணி உதறிய பெண் அப்படியே நின்றாள். இத்தனை நாளாக எதற்குப் பயந்தாளோ அது நடந்து முடிந்துவிட்டது. மணிமேகலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் திரும்பித் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு, மிஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"வந்ததும் பிள்ளைய அந்த ஜன்னல்கிட்டக் கொண்டாந்து காட்டச் சொல்லும்மா. கௌசல்யா பாவம், எம்புட்டு நாளைக்குத்தான் வண்டியவே பாத்துட்டு இருப்பா."